மட்டாஞ்சேரியில் ஒரு தாய் முயல்

மட்டாஞ்சேரி பஜார் சாலைக்குப் பின்புறம், சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளை ஒட்டிய சந்து ஒன்றில், திருநெல்வேலிப் பக்கமிருந்து மூன்று தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பம் ஒன்று வாழ்கிறது. ஆச்சி, அவருடைய மகன், மருமகள், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பேத்தி. சென்ற ஆண்டு மழை தொடங்கிய ஜூன் மாதத்தில் பேத்தி இரண்டு முயல்களை வாங்கி வந்தாள். இரண்டும் பெண் என்று சொல்லி விற்றிருந்தார்கள். இரண்டு மாதக் குட்டிகளில் ஆண் பெண் வேறுபாட்டைப் பழகிய கண்ணும் தவறவிடும். விற்றவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, வெள்ளை முயலின் மார்பிலும் வயிற்றிலும் மயிர் கொத்துக் கொத்தாகக் குறைந்திருந்தது. வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு கூண்டின் மூலைக்கும் நடுவுக்குமாக அது அலைந்தது. சொறி என்று ஆச்சி முடிவு செய்தார். மயிர் கலந்த வைக்கோலை முழுவதும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கூண்டைக் கழுவி வைத்தார். மறுநாள் விடியலில் வெறுங்கம்பித் தளத்தின்மேல் ஐந்து குட்டிகள் கிடந்தன. மயிரில்லை, கண் திறக்கவில்லை. தாய் எதிர்மூலையில், அவற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தது. நண்பகல் ஆயிற்று, மாலை ஆயிற்று. அது குட்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை.

“இவளும் ஒரு தாயா? பூனைகூட இப்படிச் செய்யாதுட்டி” என்றார் ஆச்சி.

பேத்தி பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, மை நிரப்பும் குழலால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். மூன்றாம் நாள் மாலைக்குள் ஐந்தும் இறந்தன.

அந்த வீட்டில் அன்பின்மை எங்கும் இல்லை என்பதே இதில் வருந்தத்தக்கது. முயல் செய்ததும் தவறில்லை. ஈனுவதற்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்பு பெண் முயல் தன் மயிரைத் தானே பிடுங்கிப் புல்லோடு கலந்து மெத்தை அமைக்கும். மயிர் நீங்கிய இடத்தில் முலைக்காம்புகளும் வெளிப்படும். ஆச்சி குப்பையில் போட்டது அந்த மெத்தையைத்தான். உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத குட்டிகளுக்கு முதல் நாட்களில் பாலுக்கு நிகராக வேண்டுவது அந்தக் கதகதப்பு. இனி, முதுகைக் காட்டி அமர்ந்திருந்த தாய். முயல் தன் குட்டிகளுக்கு நாளுக்கு ஒரு முறை, மூன்று அல்லது நான்கு நிமிடம் மட்டுமே பாலூட்டும். 1965இல் ஸாரோவும் உடனாய்வாளர்களும் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். வளையில் வாழும் காட்டினம், ஊட்டி முடித்ததும் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு விலகிப் போய்விடும். கொன்றுண்ணிகளுக்கு மோப்பம் கிட்டாதிருக்க, விலகியிருப்பதே அதன் காவல். அந்தச் சில நிமிடங்களில் கண்ணில்லாக் குட்டிகள் காம்பைத் தேடிக் காலம் கழிக்க முடியாது. தாய்ப்பாலில் உள்ள ஒரு மணப்பொருள் அவற்றை நொடிகளில் காம்புக்கு இழுக்கிறது என்பதை 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாலும் மிகச் செறிவானது. பசும்பாலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கொழுப்பும் புரதமும் கொண்டது. குழலால் ஊட்டிய பால் அதற்கு ஈடாகவில்லை. கூட்டைவிட்டு வெளியே கிடக்கும் குட்டியைப் பூனை கழுத்தைக் கவ்வித் தூக்கி வரும். முயலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கூடு இல்லாத இடத்தில் ஈன்ற முயலுக்குத் திரும்பிச் செல்ல ஓரிடமும் இல்லை.

இங்கே ஒரு சொல்லின் குழப்பமும் உண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் ‘முயல்’ ஒன்றே. ஆனால் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வரும் கான முயலும் இந்தக் கூண்டு முயலும் வெவ்வேறு விலங்குகள். நம் தரிசுகளிலும் புதர்களிலும் ஓடும் காட்டு முயல் வளை தோண்டாது; அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் புல்வெளியில் பிறக்கும். வீட்டு முயலின் முன்னோர் ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. முன்னதற்குக் குரோமோசோம்கள் 48, பின்னதற்கு 44. இரண்டும் கலந்து இனம் பெருகுவதில்லை. அதே தீபகற்பத்திலிருந்து கொச்சிக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் ஜன்னல், அலமாரி, மேசை, சாவி எனச் சொற்களை விட்டுச் சென்றார்கள். முயலைக் குறிக்கும் அவர்களுடைய ‘கோயெல்யோ’ மட்டும் நம் மொழிகளில் ஒட்டவில்லை. புது விலங்கு பழைய பெயரிலேயே வீட்டுக்குள் நுழைந்தது. ‘குழிமுயல்’ என்று நூல்களில் எழுதுவோர் உண்டு. கூண்டு விற்கும் கடைவரை அச்சொல் போய்ச் சேரவில்லை. ஊர்ப்புறத்தில் காட்டு முயல் குட்டிகளைக் கண்டு வளர்ந்த ஆச்சிக்கு, மயிரற்ற இக்குட்டிகள் குறைப்பிறவிகளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளை முயல் சரியாகத் தின்பதில்லை என்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் வயிற்றை விரல்களால் மெல்லத் தடவினார். கோலிக்குண்டுபோலச் சில உருண்டைகள் தட்டுப்பட்டன. மீண்டும் சினை. ‘இன்னொரு பெண்’ணை எடுத்து வரச் சொல்லிப் பார்த்து, அது ஆண் என்றார்.

பிள்ளைகளை இழந்த துயரம் ஆறுமுன்னே எப்படி என்று ஆச்சி முகம் சுளித்தார். முயலின் உடல் அந்தக் கணக்கில் இயங்குவதில்லை. மனிதருக்கும் பசுவுக்கும் உரிய சுழற்சிப்படி அதன் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வெளிப்படும். ஈன்ற அன்றே அது மறுபடி சினையாகலாம். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். இந்த இயல்பை மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கொடுமையாகப் பயன்படுத்தியது. 1931இல் ஃபிரீட்மனும் லாஃபமும் வகுத்த சோதனையில், பெண்ணின் சிறுநீரை முயலின் உடலில் செலுத்திப் பின்னர் அதன் சூலகத்தைப் பார்த்து அந்தப் பெண் கருவுற்றாரா என்று அறிந்தார்கள். தானாக முட்டை விடாத விலங்காதலால் விடை தெளிவாகக் கிடைத்தது. விடை எதுவாயினும் முயல் கொல்லப்பட்டது.

மழையின் குளிர்ச்சியும் இந்த வீட்டில் துணை செய்திருக்கலாம். வெப்பம் 30 பாகையைத் தாண்டி நீடித்தால் ஆண் முயலின் கருவூட்டும் திறன் தளரும். கொச்சியின் மார்ச், ஏப்ரல் மாதங்கள் அத்தகையவை. செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் முயல் வளர்ப்பது அந்தக் குளிருக்குப் பொருந்தியதே.

நவம்பரில் ஆணை முன்கூட்டியே பிரித்து வேறு கூண்டில் விட்டார்கள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை அறுத்து, தாய் நுழைந்து திரும்பும் அளவுக்கு மட்டும் இடமுள்ள கூடு ஒன்றைப் பேத்தியின் தந்தை செய்து கொடுத்தார். முயல் மயிர் பிடுங்கிய நாளில் எவரும் அதைத் தொடவில்லை. ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்று அன்றே இறந்தது.

பேத்தி மூன்று விடியல்கள் இருட்டில் அமர்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு முன்பாக முயல் பெட்டிக்குள் தாவியது. நான்கு நிமிடத்தில் வெளியே வந்து, தன் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி அமர்ந்தது. வெளிச்சம் வந்தபின் பெட்டிக்குள் பார்த்தால் ஐந்து வயிறுகளும் உருண்டு திரண்டிருந்தன. ஆச்சியை எழுப்பிக் காட்டினாள்.

ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பேத்தியின் தந்தை கைக்குழந்தையாக இருந்த காலத்தைச் சொன்னார். அப்போது சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. காலையில் மாமியாரிடம் விட்டுப் போவார். நண்பகலில் ஒரு தடவை ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு, மேஸ்திரி பார்க்குமுன் திரும்பிவிட வேண்டும். “சந்துல இருந்தவ எல்லாம் என்னையத்தான் பேசினா” என்றார்.

பன்னிரண்டாம் நாளுக்குள் ஐந்தும் கண் திறந்தன. ஆண் முயல் இப்போது முன்வாசல் திண்ணையில் இருக்கிறது. விதைநீக்கத்துக்கு மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறாள் பேத்தி. செய்த பின்னும் சில வாரங்கள் அதைத் தனியே வைக்க வேண்டுமாம். அதுவரை விடியலில் திண்ணைப் பக்கம் கதவைத் திறப்பவர் ஆச்சி ஒருவரே, அதுவும் சத்தமின்றி.