ஓரத்தில் தெரிகிற கை

அம்பத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் வீட்டுப் பழைய ஸ்டுடியோ படத்தை நீ செயலியில் போட்டுக் கலராக்கி அனுப்பியது வந்தது. என் தாத்தாவின் சட்டைக்கு இளநீலம், குழந்தையின் கவுனுக்குக் கறுப்பு, பின்னால் மலைக்குப் பச்சை எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் செயலி ஒன்றை அழித்துவிட்டது. பழைய படத்தின் வலது ஓரத்தில் திரைச்சீலை முடிகிற இடத்தில், சைக்கிள் கேரியருக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. நாலு விரலும் இரண்டு கண்ணாடி வளையலும் தெரியும். உன் கலர் படத்தில் அந்த இடத்தில் ஒரு தூண் நிற்கிறது. அந்தக் கைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படம் எந்த வருஷத்தது, பின்னால் எந்த ஊர் மலை, சைக்கிள் யாருடையது, குழந்தை யார் என்று வரிசையாகக் கேட்டிருந்தாய். மலைக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம். அது எந்த ஊரிலும் இல்லாத மலை. துணியில் வரைந்த மலை.

நம் பக்கத்தில் கேமரா வீட்டுக்கு வரவில்லை, நாம்தான் கேமராவிடம் போனோம். மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஸ்டுடியோக்கள் இருந்தன. அப்புறம் 1910 வாக்கில் ஜி.கே. வேல் போன்றவை வந்தன. பூந்தமல்லி, ஆவடி மாதிரிக் கடைத்தெருக்களுக்கு ஸ்டுடியோ வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. கல்யாணம், குழந்தைக்கு மொட்டை, வேலை கிடைத்தது என்று ஏதாவது ஒன்று நடந்தால்தான் ஜனங்கள் ஸ்டுடியோ படி ஏறுவார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி, பின்னால் வரைந்த திரை. மாளிகைப் படிக்கட்டு, ஏரி, தோட்டம், மலை எல்லாம் அதில் இருக்கும். திருமழிசையிலிருந்து நடந்து வந்த மனுஷன் ஐந்து நிமிஷத்துக்கு அரண்மனை வாசலில் நிற்கலாம்.

அந்தத் திரைகள் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவை. நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதியவர்களும் ஸ்டுடியோவுக்குத் திரை எழுதியவர்களும் பல ஊர்களில் ஒரே ஆட்கள்தான். கொண்டையராஜு கதையைப் பார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை வரையப் போனார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் பக்கத்தில் இருந்த சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊரெல்லாம் போயின. நம் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிற லட்சுமியை உனக்கு நினைவிருக்குமே, அவளுக்குப் பின்னால் இருக்கிற ஏரியையும் தாத்தாவுக்குப் பின்னால் இருக்கிற ஏரியையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே கைவழக்கம் தெரியும். எனக்கு அந்தத் திரைகள் மீது பெரிய மரியாதை உண்டு. ஏழைகளுக்கு ஒரு அந்தஸ்தான இடத்தைக் கொடுத்த ஓவியம் அது.

கலருக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஸ்டுடியோ பிளேட்டுகளில் பல, சிவப்பு நிறத்தை உணராதவை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் டெவலப் செய்யலாம் என்கிற வசதிக்காகவே ரொம்ப நாள் அதையே வைத்திருந்தார்கள். அதில் எடுத்தால் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். அதனால் கறுப்பாகத் தெரிகிற அந்தக் கவுன் நல்ல ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். நம் ஜனங்களின் முகமும் அதில் உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் விழும். அதற்காக ரீடச் செய்கிறவர் நெகட்டிவை வெளிச்சத்தில் நிறுத்தி, கூர்மையான பென்சிலால் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வைத்து வெளுப்பாக்குவார். தாத்தா கன்னத்தில் லென்ஸ் வைத்தால் அந்தப் பென்சில் கோடுகள் இன்றைக்கும் தெரிகின்றன. திருத்துகிற வேலை படம் பிடிக்கிற வேலை அளவுக்கே பழசு. 1858இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கிய லின்னேயஸ் டிரைப், தன் நெகட்டிவ்களில் வானத்துக்கு மேகமும் மரத்துக்கு இலையும் கையாலேயே சேர்த்தவர். ஆனால் அந்த ஆட்கள் யாரும் இருக்கிறவர் கையை எடுத்துவிட்டுத் தூண் வைக்கவில்லை.

இனி சைக்கிள். ஸ்டுடியோவிலேயே ஒரு சைக்கிள் வைத்திருப்பார்கள், கைக்கடிகாரமும் கோட்டும் இரவல் கொடுப்பது போல. அதனால் படத்தில் சைக்கிள் இருந்தால் சொந்தம் என்று உடனே நம்பக் கூடாது. ஹேண்டில்பாருக்குக் கீழே பார். சின்னதாக ஒரு தகடு தொங்குகிறது. அது லைசென்ஸ் வில்லை. அந்தக் காலத்தில் பஞ்சாயத்தில் வருஷா வருஷம் காசு கட்டி வாங்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் வழியில் பிடித்து நிறுத்துவார்கள். ஸ்டுடியோவுக்குள்ளேயே நிற்கிற சைக்கிளுக்கு வில்லை எதற்கு? டயரிலும் உலர்ந்த சேறு இருக்கிறது. ஆக, தாத்தா தன் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார். அவர் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே புரியும்.

முன்பக்க முத்திரையில் பாதி வெளிச்சம் அடித்திருக்கிறது. மீதியில் ஹெர்குலிஸ் என்று படிக்க முடிகிறது. இங்கேதான் உன் ஊரும் என் ஊரும் சேர்கின்றன. ஹெர்குலிஸ் நீ இருக்கிற பர்மிங்ஹாமில் 1910இல் தொடங்கிய கம்பெனி. அதைப் பின்னால் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் நம் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் என்று அம்பத்தூரில் ஆரம்பித்தார்கள். 1951இல் இங்கேயே ஹெர்குலிஸ் உருவாகி வெளியே வந்தது. வயலும் ஏரியுமாக இருந்த அம்பத்தூரில் அந்த ஆலைச் சங்கு ஊதிய பிறகுதான் மற்றத் தொழிற்சாலைகள் வரிசை கட்டின. தொழிற்பேட்டை வந்தது 60களில். தாத்தா கையில் இருப்பது கப்பலில் வந்த சைக்கிளா, நம் ஊரில் செய்த சைக்கிளா? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

அதைச் சொல்ல வேண்டியது அந்தக் குழந்தை. இரட்டைப் பின்னல், தாழம்பூ வைத்த தலை, கழுத்தில் காசுமாலை. பெண் குழந்தை என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் மொட்டை போடுவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்கும் பூ வைத்து ஜடை பின்னி, பெண் வேஷம் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைப்பது நம் ஊர் வழக்கம். என் பெரியத்தை பிறந்தது 1948. என் அப்பா, அதாவது உன் தாத்தா, பிறந்தது 1952. குழந்தைக்கு இரண்டு வயது என்று வைத்துக்கொள். அத்தை என்றால் படம் 1950, சைக்கிள் சீமைச் சைக்கிள். அப்பா என்றால் 1954, அம்பத்தூர் சைக்கிளாக இருக்க வழி உண்டு. அத்தை தான்தான் என்று சாதித்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். இரண்டு பேரும் இப்போது இல்லை.

அந்தக் கைக்கு வருகிறேன். கேரியரில் உட்கார்ந்திருக்கிற குழந்தை விழாமல், முதுகுப் பக்கம் துணியைப் பிடித்திருக்கிறது அந்தக் கை. திரைக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டியிருக்கிறாள். அது எங்கள் ஆயாவாகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்தப் பெண் தாத்தாவோடு பூந்தமல்லி ஸ்டுடியோ வரை வந்திருப்பாள்? போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் பேச்சு இருந்தது, அதனால் நிற்க மறுத்தாளா, நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லையா, தெரியவில்லை. ஆயாவின் படம் என்று நம் வீட்டில் இருப்பது கடைசி காலத்தில் ரேஷன் கார்டுக்கு எடுத்தது மட்டும். இளவயது ஆயாவுக்கு நம்மிடம் இருப்பது இந்த நாலு விரல்தான். அடுத்த முறை எந்தப் பழைய படத்தை எடுத்து அனுப்பினாலும் ஓரத்தை வெட்டாதே. அட்டை, அட்டையில் அழுத்திப் பதித்த ஸ்டுடியோ பெயர், பின்பக்கக் கறை, பென்சில் கிறுக்கல் எல்லாம் சேர்த்து எடு.

இன்னொரு படத்தில் மாலை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கண்ணைப் பார்த்துப் பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். பயப்பட வேண்டாம். அவர் இறந்த பிறகு எடுத்த படம் அது. உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் இல்லாத மனுஷருக்கு, அடக்கம் செய்வதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வருவார்கள். மூடிய கண்ணைத் திறந்தது போலப் பின்னால் வரைந்து கொடுப்பார்கள். தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் நம் ஊர் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் செய்தார்கள், பிரிட்டிஷ் லைப்ரரி அதற்கு உதவியது. பர்மிங்ஹாமில் இருந்தே நீ பார்க்கலாம். நம் வீட்டுப் பெரியவரைப் போல எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காந்தி குல்லாய் போட்ட கூட்டப் படத்தை ஆவடி காங்கிரஸ் என்று உன் அப்பா சொன்னது சரிதான். முன்பக்கத்தில் அதற்கு அத்தாட்சி இல்லை. பின்னால் பென்சிலில் 'சத்தியமூர்த்தி நகர்' என்று இருக்கிறது. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் அந்த மாநாடு கூடிய பந்தல் நகருக்கு வைத்த பெயர் அது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான்.

டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற எம்.ஜி.ஆர். போஸ்டரை விற்றால் நல்ல விலை வருமா என்று உன் தம்பி கேட்டான். எங்க வீட்டுப் பிள்ளை. படம் வந்தது 1965 பொங்கலுக்கு. ஆனால் படத்தின் வருஷம் வேறு, போஸ்டரின் வருஷம் வேறு. தலைப்பில் 'பிள்ளை' என்பதில் ளகரத்துக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய ளை இருக்கிறது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல், அதனால் அதற்கு முந்தியது என்று தோன்றும். ஆனால் மறுபடி அச்சடிக்கிறவர்கள் பழைய தலைப்பை அப்படியே பார்த்துப் போட்டுவிடுவார்கள். கீழ் ஓரத்துப் பொடி எழுத்துக்குப் போ. அச்சடித்தவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்றது அப்போது இருந்த 1867ஆம் வருஷத்துச் சட்டம். அந்தப் பொடி எழுத்தில் சிவகாசி-626123 என்று இருக்கிறது. பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. அதே வரியில் வருகிற லை புது எழுத்து. ஆக, இது படம் திரும்ப ஓடின காலத்துப் போஸ்டர், அனேகமாக 78க்குப் பிறகு அடித்தது.

நான் அதற்காக வருத்தப்படவில்லை. போஸ்டரின் அடியில் தனியாக ஒரு மஞ்சள் ஸ்லிப் ஒட்டியிருக்கிறது. 'இன்றே கடைசி, தினசரி 2 காட்சிகள்.' இரண்டே காட்சி என்றால் டென்ட் கொட்டகை, இருட்டின பிறகுதான் படம் போட முடியும். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்ப்போம். போஸ்டர் ஒட்டின தட்டியைக் கடை வாசலில் சாத்தி வைக்க இடம் கொடுத்த டீக்கடைக்காரருக்கு ஓசி பாஸ் இருந்தது. தட்டியில் கிழித்த போஸ்டர்கள் பெட்டிக்கும் புத்தகத்துக்கும் அட்டையாகும். இது அப்படி வந்ததுதான், மைதா பசைக்கறை இன்னும் முதுகில் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று அவனிடம் சொல்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். பர்மிங்ஹாம் நூலகத்தில் பழைய ஆவணங்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. 1940களின் ஹெர்குலிஸ் கேட்டலாக் ஏதாவது அகப்படுகிறதா என்று கேட்டுப் பார். செயின் வீலில் வெட்டியிருக்கிற வடிவம், மட்கார்டு நுனி, விளக்கு மாட்டுகிற கொக்கி, இந்த மூன்றையும் பெரிதாக ஸ்கேன் செய்து இத்தோடு அனுப்புகிறேன். இங்கே சைக்கிள் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், நான் அவரிடம் காட்டுகிறேன். நீ பார்த்ததை எழுது.

அன்புடன்,
பெரியப்பா