பனிமலைக்கு முன் மருந்துவாழ் மலை

குமரி மாவட்டத்தில் பனி கொட்டுவதில்லை. ஆனாலும் மணாலி, இமயமலை என்று குளிர்காலத்தில் கிளம்புபவர்கள் பூட்ஸைச் சோதித்துப் பார்க்க, பொற்றையடி அருகே மருந்துவாழ் மலை இருக்கிறது. அனுமன் சுமந்த சஞ்சீவி மலையின் துண்டு இது என்பது ஐதீகம். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான்.

பூட்ஸை மாலையில் வாங்குங்கள். நாளெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்கள் தாராளமாக அசைகின்றனவா எனக் கவனியுங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் விறைக்கும்.

பிறகு படியும் பாறையுமான இந்த மலையில் அதே பூட்ஸோடு ஏறி இறங்குங்கள். வழியிலுள்ள கோயில்களில் மட்டும் கழற்றிவிடுங்கள். இறங்கும்போது விரல் நுனி இடிக்கிறதா, குதிகால் உரசுகிறதா என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். பனிக்கு நடுவே தெரிந்தால், கொப்புளத்தோடுதான் நடக்க வேண்டும்.