செங்கீரை முதல் சிறுதேர் வரை

இறைவனைக் குழந்தையாகக் கண்டு கொஞ்சிப் பாடும் மரபு தமிழுக்குரிய தனிச்செல்வம். பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று கண்ணனைப் பாடினார். பின்னாளில் அம்மரபு பிள்ளைத்தமிழ் என்னும் தனி நூல்வகையாக வளர்ந்தது. மதுரை மீனாட்சியம்மைக்கும், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடினார். திருச்செந்தூர் முருகனுக்குப் பகழிக்கூத்தர் பாடினார். பக்திச் சுவைக்காகவும் சொற்சுவைக்காகவும் இவற்றை ஓதும் பெரியோர் பலர். பேரக்குழந்தையை வளர்க்கும் வீட்டுக்கு வேண்டிய செய்தி ஒன்றும் இந்நூல்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பதின்மூன்றில் வருகை என இவற்றுக்குக் காலமும் வகுத்துச் சொல்வர். செங்கீரையில் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடுகிறது. சப்பாணியில் நிமிர்ந்து அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகையில் தளர்நடை இடுகிறது. அதன்பின் மணல் வீடும் பறையும் தேரும் வருகின்றன.

இன்றைய குழந்தை மருத்துவமும் ஏறத்தாழ இவ்வரிசையையே கூறுகிறது. உடலின் ஆளுமை தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு முதுகு உறுதிப்படுகிறது. பின்னர் இடுப்பும் கால்களும் வலுப்பெறுகின்றன. கையிலும் அவ்வாறே. முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல் நுனி. ஒரு படி உறுதியானால் அடுத்த படி எளிதாகும். தெய்வக் குழந்தையைப் பாடிய புலவர்கள், தம் காலத்து வீடுகளில் தவழ்ந்த குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தே இவ்வரிசையை அமைத்திருக்க வேண்டும்.

இன்றைய நகர வீடுகளில் நிகழ்வது என்ன? மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் குழந்தை தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது. தரையோ வழுக்கும் பளிங்குக்கல். பாட்டிக்கு முழங்கால் வலி. ஓடும் குழந்தையைத் துரத்திப் பிடிக்க இயலாது. விழுந்து அடிபட்டால் மாலையில் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்னும் அச்சம் வேறு. ஆகவே குழந்தை இடுப்பிலும் மடியிலும் நாற்காலியிலுமாகப் பொழுதைக் கழிக்கிறது. "ஓடாதே கண்ணா, ஏறாதே கண்ணா" என்னும் சொல் நாள்முழுதும் ஒலிக்கிறது. இதில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் அந்த அன்பே குழந்தையின் காலைக் கட்டிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தவழத் தொடங்காத குழந்தையை, அது விழித்திருக்கும்போது, நாளொன்றுக்கு 30 நிமிடமாவது பல தடவையாகக் குப்புறப் படுக்கவிட வேண்டும். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாள்தோறும் 180 நிமிடமாவது உடலை அசைத்து ஆட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டி வைத்தல் ஆகாது. 180 நிமிடம் என்பது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அது உடற்பயிற்சியன்று, விளையாட்டே. முற்றம் இருந்த வீட்டில் யாரும் கணக்கிடாமலே அது நடந்துவந்தது.

விழுதலைப் பற்றியும் ஒரு சொல். நடை பயிலும் குழந்தை விழாமல் கற்பதில்லை. விழும்போது கைகளை முன்னே நீட்டித் தாங்கவும், மீண்டும் எழவும் அது கற்றுக்கொள்கிறது. தச்சர் செய்த மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளியது. இன்று கடையில் விற்கும், குழந்தையை நடுவில் அமர்த்தும் சக்கர வாக்கர் அவ்வாறானதன்று. நிற்கும் வலிமை வருமுன்னரே அது குழந்தையை விரைந்து உருட்டிச் செல்கிறது. படிகளில் உருண்டு குழந்தைகள் காயமுற்றதால் கனடா 2004ஆம் ஆண்டு அதன் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டி இல்லாவிடினும் குறையில்லை. பாய் விரித்த தரையும், ஊன்றி நிற்க ஒரு தாழ்ந்த பலகையும், பிடித்துக்கொள்ளத் தாத்தாவின் விரலும் போதும்.

அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கிறார்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டிமார் அதையே செய்தனர். குழந்தை அண்ணாந்து பார்த்தது, கையை நீட்டியது, விரலால் சுட்டியது, எட்டாததை எட்ட நுனிக்காலில் நின்றது. இன்று சோற்றுக்கிண்ணத்துக்கு அருகே கைபேசி ஒளிர்கிறது. வாய் மட்டுமே அசைகிறது. இரண்டு வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம் என்பதும், அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் மேற்சொன்ன நெறிகளின் கருத்து.

சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் கைக்கும் காலுக்கும் ஏற்பட்ட கல்வி. ஈர மணலைப் பிடித்து வீடு கட்டும் விரலே பின்னாளில் பென்சிலைப் பிடிக்கிறது. பறை கொட்டும் மணிக்கட்டு தாளத்தையும் அளவையும் அறிகிறது. தேரின் கயிற்றைப் பிடித்து, பின்னே திரும்பிப் பார்த்தபடி முன்னே நடக்கும் குழந்தை உடலின் சமநிலையைக் கற்கிறது. மீனாட்சியம்மையும் அம்மானைக் காய்களை எறிந்து பிடிக்கிறாள்; வைகையில் நீராடுகிறாள்; ஊசலாடுகிறாள். பெண்குழந்தை துள்ளி விளையாடலாகாது என்று தடுப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மாலையில் கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டே சுற்றி வர வேண்டியதில்லை. கையைப் பிடித்து நடத்தலாம். உயர்ந்த வாயிற்படியைத் தானே தாண்ட விடலாம். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடும் முயற்சியில் இருமுறை சாய்ந்து விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுப்பிவிடலாம். வீட்டில் பூஜைக்குரிய பூக்களைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லலாம். முழங்கால் வலிக்கும் பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே பந்தை உருட்டிவிடலாம். மூன்று வயது வரை புளியங்கொட்டை, மணி போன்ற சிறு பொருள்களை மட்டும் கைக்கெட்டாமல் வைத்தல் வேண்டும். அவை தொண்டையில் அடைக்கக்கூடியவை.

அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்துதல் வேண்டா. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து அதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவின்படி, நலமுள்ள குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் 8 மாதத்துக்குச் சற்றுமேல் தொடங்கி 17½ மாதம் வரை நீள்கிறது. தவழாமலே நடந்த குழந்தைகளும் அவர்களுள் உண்டு. பதினெட்டு மாதமாகியும் நடவாவிடின், "தானாக வரும்" என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

குமரகுருபரர் பாடக் கேட்டு, அன்னை மீனாட்சி சிறுமியாக வந்து அவருக்கு முத்துமாலை அணிவித்தாள் என்பது மதுரையில் வழங்கும் வரலாறு. தெய்வமே தளர்நடையிட்டு வரவேண்டும் என்று வேண்டிய மரபு நம்முடையது. அப்பாடல்களை ஓதும் இல்லத்தில் பேரக்குழந்தையின் கால் தரையில் படட்டும். அது எழுவதையும் விழுவதையும் அருகிருந்து பார்க்கப் பொழுதும் பொறுமையும் உடையவர்கள் வீட்டிலுள்ள முதியவர்களே.