எல்சர்ச் காட்டிய வேறொரு கோப்பு

நேற்று இரவு பதினொன்றரை வரை ஒரு டிசிஎல் நிரலோடு உட்கார்ந்திருந்தேன். 'அறிக்கை[1]' என்ற கோப்பு பட்டியலில் எங்கே இருக்கிறது என்று எல்சர்ச் என்ற தேடல் கட்டளையிடம் கேட்டால், அது 'அறிக்கை1' இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஜான் அவுஸ்டர்ஹவுட் 1988-இல் பெர்க்லியில் உருவாக்கிய மொழி டிசிஎல். தனியாக எதுவும் சொல்லாவிட்டால், நாம் தரும் சொல்லை எல்சர்ச் ஒரு பேட்டர்னாகவே எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக்குறி எதனோடும் பொருந்தும். சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதேனும் ஓர் எழுத்து வந்தால் போதும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லும் 'எக்ஸாக்ட்' விருப்பத்தைச் சேர்த்த பிறகுதான் என் கோப்பு கிடைத்தது.

உண்டா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் 8.5 பதிப்பில் வந்த 'இன்' செயற்குறி போதும், அதையே பரிந்துரைப்பேன். எல்சர்ச் தருவது இடத்தின் எண். முதல் இடம் 0, இல்லாவிட்டால் -1. அந்த 0-ஐ 'இல்லை' என்று படித்துவிடாதீர்கள்!

பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் எல்சர்ச்சோடு 'சார்ட்டட்' விருப்பத்தைச் சேர்க்கலாம். அகராதியை நடுவில் திறந்து, பாதி பாதியாக ஒதுக்கித் தேடுகிற அதே முறை. 10 லட்சம் உறுப்புகள் இருந்தாலும் சுமார் 20 ஒப்பீடுகளில் விடை வந்துவிடும். எத்தனை வருடமானாலும் இந்த வியப்பு எனக்குக் குறையவில்லை.