வாடகை குறையாத ஊர்

சிகாகோவின் மில்லெனியம் ஸ்டேஷனில் மெட்ரா மின்ரயில் ஏறி, நகரின் தெற்கே 111வது தெருவில் இறங்கினால் புல்மன். கடிகாரக் கோபுரத்துடன் பழைய தொழிற்சாலைக் கட்டடம், வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். எஸ்டேட் லயன்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இவை மாளிகை. இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன.

ரயிலில் படுக்கை வசதிப் பெட்டிகள் செய்து பணம் குவித்த ஜார்ஜ் புல்மன், 1880ல் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய ஊர் இது. குழாய்த் தண்ணீர், காஸ் விளக்கு, நூலகம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வீட்டைக்கூட விலைக்குத் தரமாட்டார். எல்லாமே வாடகை. முதலாளி மகளின் பெயர் தாங்கிய ஹோட்டல் ஃபுளோரன்ஸைத் தவிர வேறெங்கும் மது கிடையாது. பச்சைக்கல் தேவாலயத்துக்கும் வாடகைதான்! எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகாமல் ஆரம்பத்தில் அது சும்மா கிடந்தது.

1893ல் பொருளாதார நெருக்கடி. கம்பெனி கூலியைச் சுமார் கால்பங்கு வெட்டியது. வாடகையைத் தொடவில்லை; பங்குதாரர்களின் டிவிடெண்டையும்தான். கூலி தருவதும் வாடகை வாங்குவதும் ஒரே கை என்பதால், வாடகை போகச் சிலருக்கு மிஞ்சியது சில சென்ட்டுகளே.

1894 மே 11ல் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸின் அமெரிக்க ரயில்வே யூனியன், புல்மன் பெட்டிகள் இணைத்த ரயில்களைத் தொட மறுக்க, பாதி நாடு ஸ்தம்பித்தது. ஜனாதிபதி கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பினார். (தொழிலாளர் தின விடுமுறைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன.) பலர் உயிரிழந்தனர். டெப்ஸுக்குச் சிறை.

1897ல் புல்மன் இறந்தபோது, ஆத்திரக்காரர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, சவப்பெட்டியை இரும்பும் கான்கிரீட்டும் போட்டு மூடினார்கள். மறு ஆண்டே, வீடுகளை விற்றுவிடும்படி இல்லினாய் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

1960ல் ஊரை இடித்துத் தொழிற்பேட்டை அமைக்கத் திட்டம் வந்தது. தடுத்தவர்கள் குடியிருந்தவர்களே. 1998ல் தொழிற்சாலையைத் தீ தின்றது. கடிகாரக் கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2015ல் தேசிய நினைவுச் சின்னம், 2022ல் தேசிய வரலாற்றுப் பூங்கா.

வடக்கே சில தெருக்கள் தள்ளி இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. புல்மன் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினப் போர்ட்டர்களின் கதை அங்கே இருக்கிறது. டெப்ஸின் யூனியன்கூடக் கறுப்பர்களைச் சேர்க்க மறுத்திருந்தது. 1925ல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் தனிச் சங்கம் கண்டு, 12 ஆண்டுகள் போராடி, 1937ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். அதுவரை பயணிகள் பலருக்கு அவர்களின் சொந்தப் பெயர் தேவைப்படவில்லை. முதலாளி பெயரைச் சொல்லி, 'ஜார்ஜ்' என்றே எல்லோரையும் கூப்பிட்டார்கள்.