மாரிக்கு முன் நம் வீட்டுக் குழியும் பக்கத்து வீட்டுக் கிணறும்



அன்பின் ஊர் உறவுகளே,

ஒக்டோபர் பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மாரி. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நமது கிழக்குக் கரைக்கு அடுத்தடுத்து மழைதான். மழை தொடங்கிய பிறகு பைப் வேலைக்கு ஆள் பிடிப்பதும் கஷ்டம், கழிவு உறிஞ்சும் பவுசர் பிடிப்பதும் கஷ்டம். ஆகவே இப்போதே சொல்லி வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. டீச்சர் என்றால் கணக்கு இல்லாமலா?

போன தவணை பரப்பளவுப் பாடத்தில் பிள்ளைகளிடம் கேட்டேன்: ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 6 பேர்ச் சதுரக் காணி என்றால் ஒரு பக்கம் எவ்வளவு? வர்க்கமூலம் எடுத்து, 40 அடி சொச்சம் என்றார்கள். சரி, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று சொல்லுவார்களே, அந்தக் காணிக்குள் கிணற்றையும் குழியையும் வைத்துக் காட்டுங்கள் என்றேன். மூலைக்கு மூலை கோடு கீறிப் பார்த்தார்கள். 57 அடி வந்தது. "அப்ப ஒரு மூலையில கிணறு, மற்ற மூலையில குழி, நடுவுல வீடு" என்று ஒரு பிள்ளை சந்தோஷமாகச் சொன்னது. பின் வாங்கில் இருந்த ஒரு மகன் கேட்டான்: "டீச்சர், அந்த மூலைக்கு அங்கால பக்கத்து வீட்டுக் கிணறு இருந்தா?"

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான்.

காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களில் காணி எப்படிச் சுருங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். உம்மாவின் வளவு மூத்த மகளுக்கு ஒரு துண்டு, இளையவளுக்கு ஒரு துண்டு என்று சீதனமாகப் பிரிந்து, அவர்களின் மகள்மாருக்கு மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி வந்தது. கிணறு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. நம் குழியை நடுவாக வைத்து 50 அடிக்கு ஒரு வட்டம் கீறினால், அது மூன்று நான்கு வீடுகளுக்குள் போய்வரும். அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நமது ராத்தாவோ, தங்கச்சியோ, சாச்சியோதான்.

கோடையில் இந்த நெருக்கம் பெரிதாகத் தெரியாது. நமது மண் மணல். கோடையில் நிலத்தடி நீர் கீழே இறங்கியிருக்கும். குழியிலிருந்து கசிகிற தண்ணி மணலில் வடிந்து, ஓரளவு சுத்தமாகித்தான் கீழே சேரும். மாரியில் கிணற்றுத் தண்ணி கைக்கு எட்டுமளவு மேலே வருகிறதல்லவா? அதே தண்ணி மட்டம் குழியைச் சுற்றியும் உயர்கிறது. குழியின் அடி தண்ணிக்குள் நிற்கிறது. வடிகட்ட நடுவில் காய்ந்த மணலே இல்லை. குழியும் கிணறும் ஒரே தண்ணிக்குள் இருக்கின்றன.

"எங்களுக்கு இப்ப லைன் தண்ணி இருக்கே" என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் குளிக்க, சட்டி பானை கழுவ, ஒழுச் செய்ய இன்னும் எத்தனை வீடுகளில் கிணற்றுத் தண்ணி? 2024 நவம்பர் கடைசியில் அம்பாறை மாவட்டத்தில் வெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. லைன் தண்ணி நின்றால் முதலில் ஓடுவது கிணற்றுக்குத்தான்.

இனி வேலைகளைச் சொல்கிறேன்.

குழி: கொமட்டில் ஊற்றிய தண்ணி மெதுவாக இறங்குகிறதா, குளக் குளக் என்று சத்தம் வருகிறதா, குழியைச் சுற்றி ஈரமும் மணமும் இருக்கிறதா? அப்படியென்றால் குழி நிரம்பி வருகிறது. மழைக்கு முன்பே நகர சபையிலோ பிரதேச சபையிலோ பவுசருக்குச் சொல்லி வையுங்கள். மழைக்குள் உறிஞ்சினால் சுற்றியுள்ள தண்ணி உள்ளே வந்து இரண்டு மூன்று நாளில் குழி மறுபடியும் நிரம்பிவிடும். காசுதான் வீண். அதோடு, வெளியே தண்ணி நெருக்கும்போது வெறுமையான குழியின் சுவர் இடியவும் கூடும். கூரைத் தண்ணியையோ முற்றத்துத் தண்ணியையோ குழிக்குள் விடவே கூடாது. காற்றுப் போகும் பைப்பின் வாய்க்கு நுளம்பு வலை கட்டுங்கள். குழியின் மூடி வெடித்திருந்தால் மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். வெறும் குழியாகத் தெரிந்தாலும் உள்ளே நச்சு வாயு இருக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மௌத்தான செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம். கூலிக்கு வருகிற தம்பிமாரையும் இறக்காதீர்கள்.

கிணறு: கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளம் வெடித்திருந்தால், குளித்த தண்ணி திரும்ப உள்ளேதான் போகும். மேசன் ஒருவரின் அரை நாள் வேலை. வெள்ளம் ஏறுகிற இடமென்றால் கட்டை உயர்த்துங்கள். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, குளோரின் போட்ட பிறகே பாவிக்க வேண்டும். எவ்வளவு குளோரின் என்பது கிணற்றின் அளவைப் பொறுத்தது. அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதுவரை குடிக்கிற தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். தெளிவாக இருக்கிறது என்பதால் அது சுத்தமான தண்ணி ஆகிவிடாது.

மோட்டர்: கிணற்றடி மோட்டர் நிலத்தோடு இருந்தால் மேடை கட்டி உயர்த்துங்கள். வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்கள் மழையில் ஆபத்து. வீட்டு டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மோட்டர் சுவிட்ச் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ஆண்கள் இதை யோசிக்க வேண்டும்.

பீலி: 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுகிற தண்ணி 9,000 லீற்றருக்கு மேல். ஆயிரம் லீற்றர் டேங்க் ஒன்பது! அவ்வளவும் எங்கே போய் விழுகிறது என்று ஒரு முறை பாருங்கள். மாவிலையும் முருங்கை இலையும் அடைத்த பீலி நிரம்பி வழிந்தால், அது பக்கத்து வீட்டுச் சுவரில்தான் இறங்கும். பீலித் தண்ணிக்காகப் பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். பெருநாளைக்குக்கூட ஸலாம் இல்லை. இருபது அடி பைப்பும் இரண்டு வளைவும் வாங்கித் திருப்பிவிட்டால் முடிகிற விஷயம்.

பீலியில் தேங்கிய தண்ணிதான் டெங்கு நுளம்புக்கும் பிடித்த இடம். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் மாரி முடியும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் பீலி, டேங்க் மூடி, பிரிஜ்ஜின் பின்னால் உள்ள தட்டு, பூச்சாடி, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

டேங்க்: மூடி இறுக்கமாக இருக்கட்டும். வழிகிற பைப்பின் வாய்க்கு வலை. வருடத்துக்கு ஒரு தடவையாவது அடியில் படிந்த சேற்றைக் கழுவி எடுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்தால் டேங்கை நிரப்பி விடுங்கள். வெறும் டேங்கைக் காற்று தூக்கும். நிரம்பிய ஆயிரம் லீற்றர் டேங்க் ஒரு தொன் பாரம். 78 சூறாவளியைக் கண்ட மூத்தவர்களிடம் கேட்டால் காற்று என்ன செய்யும் என்று சொல்லுவார்கள்.

ஒழுக்கு: இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைக் குறித்து வையுங்கள். சுபஹுக்கு எழும்பி யாரும் தண்ணி தொட முன்னர் மறுபடியும் பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. சிஸ்டனில் சந்தேகமென்றால் உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம் அதற்குள் கரைத்து, பதினைந்து இருபது நிமிடம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கொமட்டில் நீலம் தெரிந்தால் உள்ளே உள்ள வால்வின் வாஷரை மாற்ற வேண்டும். சொட்டுகிற பைப்புக்குக் கீழே ஒரு லீற்றர் போத்தலை வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் நிரம்பினால் நாளைக்கு 24 லீற்றர், மாதத்துக்கு 720 லீற்றர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணியில் ஒழுச் செய்தார்கள் என்று படித்திருக்கிறோம். ஒரு முத்து ஒரு லீற்றரே வராது. அப்படியென்றால் அந்தச் சொட்டில் மாதம் எழுநூறு ஒழுவுக்கு மேல் போகிறது.

இவ்வளவும் அவரவர் வீட்டு வேலை. குழி விஷயம் மட்டும் தனியாக முடியாது. நான் என் குழியை உறிஞ்சி, பக்கத்து வீட்டுக் குழி நிரம்பி வழிந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை. எங்கள் ஒழுங்கையில் போன வருடம் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் பவுசரை எடுத்தோம். ஆரம்பத்தில் ஒரு மாமி, "எண்ட குழியப் பத்திப் பேச நீங்க யார்?" என்று கோபப்பட்டார். நியாயம்தான். குழியைப் பற்றிப் பேசுவது மானம் போகிற விஷயம் மாதிரி நமக்கு. "உங்கட குழி மணக்குது" என்று போனால் கதவு சாத்தப்படும். "நாங்க பவுசருக்குச் சொல்லப் போறம், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லவா மாமி?" என்று கேட்டபோது அதே மாமிதான் வந்த ஆட்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

இன்னொன்று. ஆண் துணை இல்லாத வீடுகள், வயதானவர்கள் தனியே இருக்கிற வீடுகள், மகன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. அவர்கள் கூரையில் ஏறிப் பீலி துப்புரவாக்க முடியாது. பவுசர் காசும் சிலருக்குப் பாரம். வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர் கழகங்களும் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி அந்த வீடுகளைப் பார்த்தால் பெரிய ஸதக்கா. வெள்ளம் வந்த பிறகு சோற்றுப் பார்சலோடு ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு, அதற்கு முன் ஏணியோடு போவது பெரிய வேலையில்லை.

அண்டை வீட்டார் எவருடைய தீங்கிலிருந்து பாதுகாப்புப் பெறவில்லையோ அவருடைய ஈமானைப் பற்றி ரஸூலுல்லாஹ் எச்சரித்ததை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். தீங்கு என்றால் சண்டை, புறம் பேசுதல் என்றுதான் நினைக்கிறோம். நமக்குத் தெரியாமல் மண்ணுக்கடியால் அவர்களின் கிணற்றுக்குப் போவதும் அதில் சேரும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். அந்தத் தண்ணியில்தான் அவர்களுடைய குழந்தையின் பால் போத்தல் கழுவப்படுகிறது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிப் பவுசர் கதையைத் தொடங்குங்கள். உங்கள் ஒழுங்கையில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

அல்லாஹ் இந்த மாரியை நமக்கு ரஹ்மத்தான மழையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.