ஹகரம் குடியிருக்கும் விசை

கணினி விசைப்பலகையின் மேல் வரிசையில், 1 என்ற எண்ணுக்கு இடப்புறம், மூலையில் ஒரு விசை இருக்கிறது. அதில் இரண்டு குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று இடப்பக்கம் சாய்ந்த சின்னக் கோடு. மற்றது அலையாக நெளிந்த கோடு. ஆங்கிலக் கடிதம் தட்டுபவருக்கு இவை இரண்டும் அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களின் அச்சகங்களில் நிலைமை வேறு. அங்கே நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில் அந்தச் சாய்கோட்டு விசையைத் தட்டினால் ஹ விழும். ஷிப்டை அழுத்தித் தட்டினால் ஷ விழும். வலப்புறம் இருக்கும் சதுர அடைப்புக்குறிகளில் திறப்பது ஜ, மூடுவது ஸ. ஹிஷாம் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் ஒரே மூலை விசையிலிருந்து வருகின்றன. நிக்காஹ் அழைப்பிதழோ, ஜனாஸா அறிவித்தலோ, பள்ளிக்கூடப் பெயர்ப்பட்டியலோ எதைத் தட்டினாலும் விரல் அந்த ஓரத்து விசைகளுக்குப் போயே ஆகவேண்டும்.

இந்த நான்கு எழுத்துகளும் ஏன் பலகையின் ஓரத்தில் இருக்கின்றன, அந்த ஓரத்து விசைகள் யாருக்காக ஏற்பட்டவை என்ற கேள்வியே இந்தத் தேடலின் தொடக்கம். விடை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் தொடங்கி, நான் எதிர்பாராத இடமான ஸ்பானிய மொழியின் அழுத்தக்குறிகளில் போய் முடிந்தது.

பாமினியின் விசை ஒழுங்கு கணினிக்காகப் புதிதாக ஆக்கப்பட்டதன்று. தட்டச்சு வகுப்புக்குப் போனவர்கள் முதல் நாள் பழகும் ய, ள, ன, க, ப என்ற வரிசைதான் அதன் நடுவரிசையிலும் இருக்கிறது. அந்தத் தட்டச்சு மரபின் தொடக்கத்தில் நிற்பவர் ரா. முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது அவர் எடுத்துக்கொண்ட வேலை. கொம்பு, கால், புள்ளி போன்ற உறுப்புகளைப் பிரித்துத் தனி அச்சுகளாக்கினார். அவற்றில் சிலவற்றை நகரா விசைகளாக அமைத்தார். சாதாரண விசையைத் தட்டினால் தாள் தாங்கிய உருளை ஓர் எழுத்து இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் தாளில் பதியும், உருளை அசையாது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில், அந்தக் குறியோடு சேர்ந்து பதியும். அவருடைய வடிவமைப்பை வைத்து ஜெர்மானிய ஆலைகள் தமிழ்ப் பொறிகளைச் செய்தன.

இந்த ஒழுங்கில் ஏன் இடநெருக்கடி வருகிறது என்பதையும் பாமினியை வைத்தே பார்க்கலாம். எஃப் விசை க. ஷிப்டுடன் அதுவே கு. கே விசை ம, ஷிப்டுடன் மு. ஜே விசை த, ஷிப்டுடன் து. உகர வரிசை எழுத்துகள் ஒவ்வொன்றும் தனி உருவம் கொண்டவை என்பதால், ஆங்கிலப் பேரெழுத்துகளின் இடங்களில் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொள்கின்றன. கல்முனை என்ற ஊர்ப்பெயர் கணினிக்குள் எஃப், ஒய், அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி என்ற ஆறு குறிகளாகத்தான் கிடக்கிறது. பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் குறிகளே திரையில் வரும். இப்படித் தமிழ் நெடுங்கணக்கு எழுத்து விசைகளை நிரப்பிய பிறகு கிரந்த எழுத்துகளுக்கு எஞ்சியவை அடைப்புக்குறிகளும் மூலை விசையுந்தான்.

அந்த எஞ்சிய இடங்கள் தற்செயலாக எஞ்சியவை அல்ல. அவற்றுக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு.

அலைக்கோடு ஸ்பானிய மொழியில் ஓர் எழுத்தின் பகுதி. இடைக்கால ஐரோப்பாவின் பிரதியெழுத்தாளர்கள் தோலையும் நேரத்தையும் மிச்சப்படுத்த, இரட்டித்து வரும் என் (n) எழுத்தில் ஒன்றை மட்டும் எழுதி, மற்றதற்கு அடையாளமாக மேலே ஒரு சிறு கோடு இழுத்தார்கள். ஆண்டு என்ற பொருள்தரும் இலத்தீன் சொல்லில் இருந்த இரட்டை என் இவ்வாறு ஒற்றையாகி, ஸ்பானிய மொழியில் நமது ஞகரத்தை ஒத்த ஒலியைக் குறிக்கும் தனி எழுத்தாயிற்று. ஸ்பானியர் அதை எஞே என்பார்கள். ஐந்து உயிரெழுத்துகளின் மேலும் வலப்பக்கம் சாய்ந்த அழுத்தக்குறி வரும். அசையழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அது காட்டும். கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி இடும் வழக்கத்தை 1754இல் வெளிவந்த ஸ்பானிய அரச கழகத்தின் எழுத்திலக்கண நூல் விதியாக்கியது. தட்டச்சுப்பொறி வந்தபோது எஞேக்குத் தனி விசை கிடைத்தது. அழுத்தக்குறிக்கு நகரா விசை கிடைத்தது. முதலில் குறி, பிறகு உயிரெழுத்து. முத்தையா தமிழுக்குக் கையாண்ட உத்தியும் இதுவே.

கணினிக்கு வந்தபோது இந்தக் குறிகளுக்கு எண் கொடுக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆஸ்கி குறிமுறை 1963இல் வெளிவந்தது. 1967இல் வந்த அதன் திருத்தப் பதிப்பில் இடப்பக்கம் சாய்ந்த கோடும் அலைக்கோடும் சேர்ந்தன. அவை தனித்து நிற்கவென்று சேர்க்கப்படவில்லை. என் எழுத்தை அச்சிட்டு, ஓர் இடம் பின்னே போய், அதன் மேல் அலைக்கோட்டை அச்சிட்டால் எஞே கிடைக்கும் என்ற எண்ணமும் அதன் பின்னால் இருந்தது. நகரா விசை செய்த வேலையை இங்கே பின்நகர்வு விசை செய்தது. திரை வந்ததும் அந்த வழி அடைபட்டது. திரையில் இரண்டாவது குறி முதலாவதை அழித்துவிட்டுத்தான் வரும். குறிகள் வேலையிழந்தன, விசை மட்டும் மூலையில் தங்கிவிட்டது.

ஆஸ்கியைத் தழுவிய உலகத் தரம் ஐஎஸ்ஓ 646. ஒவ்வொரு நாடும் தன் எழுத்துகளை வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தத் தரம் பத்து இடங்களைத் திறந்துவிட்டது. சதுர அடைப்புக்குறிகள், நெளி அடைப்புக்குறிகள், பின்சாய்கோடு, நிலைக்கோடு, கூரைக்குறி, அட் குறி, மூலை விசையின் இரண்டு குறிகள் ஆகியவையே அந்தப் பத்து. ஸ்பானிய வடிவத்தில் திறக்கும் அடைப்புக்குறி இருந்த இடத்துக்குத் தலைகீழ் வியப்புக்குறி வந்தது. மூடும் அடைப்புக்குறி இருந்த இடத்துக்குத் தலைகீழ்க் கேள்விக்குறி. இரண்டுக்கும் நடுவே, பின்சாய்கோட்டின் இடத்தில், எஞே. ஜெர்மானியர் அதே மூன்று இடங்களில் தங்கள் இரட்டைப்புள்ளி உயிர்களை வைத்தார்கள்.

இப்போது பாமினியைத் திரும்பிப் பார்த்தால் ஜ, ஸ, ஹ, ஷ ஆகிய நான்கும் இந்தப் பத்து இடங்களுக்குள்ளேயே இருப்பது தெரியும். ஜகரம் இருப்பது ஸ்பானியரின் தலைகீழ் வியப்புக்குறி இருந்த எண்ணில். ஸகரம் இருப்பது தலைகீழ்க் கேள்விக்குறியின் எண்ணில். ஷகரத்தின் விசை எஞேயின் அலைக்கோட்டுக்குரியது. எழுத்துருவை வரைந்தவர் ஐஎஸ்ஓ பட்டியலைப் பார்த்து இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு வேண்டாத இடங்களைத் தேடிய எவரும் அங்கேதான் போய்ச் சேர்வார்கள். அலைகடலுக்கு அப்பால் உள்ள மொழி ஒன்றின் குறிகளும் இந்தக் கரையின் பெயர்களும் ஒரே இடத்தில் சந்தித்ததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஒரே இடம் இருவருக்கு என்றால் மோதலும் வரும். ஆங்கில விசைப்பலகையில் ஸ்பானிய மொழி தட்ட விரும்புபவர், விண்டோஸில் அமெரிக்க-சர்வதேச ஒழுங்கைத் தெரிந்தெடுப்பது வழக்கம். அந்த ஒழுங்கில் ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், கூரைக்குறி, சாய்கோடு, அலைக்கோடு ஐந்தும் நகரா விசைகளாகிவிடும். அலைக்கோட்டைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்து என் தட்டினால் எஞே வரும். மேற்கோளுக்குப் பின் உயிரெழுத்தைத் தட்டினால் அழுத்தக்குறியோடு வரும். வலப்புற ஆல்ட் விசையோடு கேள்விக்குறி விசையைத் தட்டினால் தலைகீழ்க் கேள்விக்குறி. ஒழுங்கை மாற்ற விரும்பாதவர்களுக்கு எண்வழி இருக்கிறது. ஆல்டை அழுத்தியபடி எண்பலகையில் 164 தட்டினால் எஞே. 0241 தட்டினாலும் எஞேதான். முதலாவது 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் எழுத்துப் பட்டியல் எண். பூச்சியத்தோடு தொடங்குவது விண்டோஸின் பட்டியல் எண்.

அந்தச் சர்வதேச ஒழுங்கு இயங்கும் கணினியில் பாமினியில் தமிழ் தட்டினால் நடப்பது இது. விஷயம் என்ற சொல்லில் ஷ அலைக்கோடு. ய ஆங்கிலத்தின் ஏ விசை. அலைக்கோடும் ஏயும் அடுத்தடுத்து வருவதால் கணினி இரண்டையும் சேர்த்து அலைக்கோடிட்ட ஒற்றை எழுத்தாக்கிவிடும். ஷய என்ற இரண்டு எழுத்துகள் போய் வேறொன்று நிற்கும். ஹழ்ரத் என்று தட்டினால் ஹவும் ழவும் சேர்ந்து சாய்கோடிட்ட ஓவாகிவிடும். ளுஹர் என்பதில் ஹவும் ரவும் சாய்கோடிட்ட யூவாகும். தட்டுபவர் எழுத்துரு பழுது என்று நினைப்பார். உண்மையில் கணினி அந்த விசையின் பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

விசைப்பலகையில் இடத்துக்காக ஸ்பெயின் அரசளவில் வாதாட வேண்டியிருந்தது. எஞே இல்லாத விசைப்பலகைகளின் விற்பனையைத் தடுக்கும் ஸ்பானிய விதிகள் வர்த்தகத் தடை என்று 1991இல் ஐரோப்பியச் சமூகம் ஆட்சேபித்தது. ஸ்பெயின் பண்பாட்டுப் பாதுகாப்பைக் காட்டி, 1993 ஏப்ரலில் வெளிவந்த அரசாணை மூலம் எஞேயைத் தக்கவைத்தது. ஒரு மொழியின் எழுத்து பலகையில் இருந்தாகவேண்டும் என்று அரசு சொல்வது சிறிய விடயமன்று. தமிழுக்கும் அப்படியான தரங்கள் வந்தன. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 ஒழுங்கில் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிப்டுடன் மேல் எழுத்து வரிசையின் முதல் நான்கு விசைகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. இலங்கையில் தட்டச்சு மரபை ஒட்டிய ரெங்கநாதன் ஒழுங்கு எஸ்எல்எஸ் 1326 என்ற தேசியத் தரத்தில் இடம்பெற்றது. இவை யுனிகோடுக்கானவை. யுனிகோடில் ஹகரத்துக்கு அதற்கே உரிய எண் இருக்கிறது. எந்த ஸ்பானியக் குறியோடும் அது கலக்காது. பழைய பாமினிக் கோப்புகளில் கிடக்கும் பெயர்ப்பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றிவைப்பது ஒவ்வொரு பள்ளியும் பள்ளிவாசலும் தள்ளிப்போடாமல் செய்யவேண்டிய வேலை.

இந்தக் கரையின் எழுத்துத் தேவை அந்த நான்கோடு முடியவில்லை. சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் கதீசா என்றும் உமறு என்றும் அரபுப் பெயர்களைத் தமிழ் ஒலிக்குள் கொண்டுவந்தார். பிற்கால உரைநடை அரபு ஒலியை நெருங்கவே விரும்பியது. அதற்குப் புது எழுத்து செய்யாமல், இருக்கும் எழுத்துகளுக்குப் புது வேலை கொடுத்தது. அரபின் ளாத் எழுத்து ரமழான் என்பதில் ழகரமாகவும் வுளூ என்பதில் ளகரமாகவும் வருகிறது. ஆய்தம் இரண்டு வேலை பார்க்கிறது. பகரத்தின் முன் வந்தால் ஃபாத்திமா. தனித்து நடுவே வந்தால் தொண்டையில் பிறக்கும் ஐன் ஒலி. 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த கவிஞரும் மொழியியலாளருமான எம்.ஏ. நுஃமானின் பெயரில் இருக்கும் ஆய்தம் அந்த ஐன்தான். ஸ்பானிய அழுத்தக்குறியைப் போலவே இதையும் விட்டுவிட்டு எழுதினால் பெயர் வேறாகிவிடும். நூற்பட்டியல்களில் நுமான் என்று தேடினால் அவருடைய புத்தகங்கள் கிடைக்காமல் போகலாம்.

இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து தீர்க்கப்பட்டதுதான் அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்களுக்கு ஃபகரம் இருந்தது, பகரம் இல்லை. மேலே ஒரு புள்ளி கொண்ட ஃபாவுக்குக் கீழேயும் ஒரு புள்ளி இட்டுப் பகரம் செய்தார்கள். ழகர ளகரங்களுக்கு ஸாத், ளாத் எழுத்துகளின் கீழ்ப் புள்ளி இட்டார்கள். எகர ஒகரக் குறில்களுக்கும் அரபில் இல்லாத குறிகள் தேவைப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்து இலங்கைக்கும் வந்துபோன மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் நூல்கள் இந்த எழுத்தில் அமைந்தன. கல்லச்சில் கையெழுத்தை அப்படியே பதிக்கலாம் என்பதால் புள்ளிகளுக்கு விசை தேவைப்படவில்லை. ஈய அச்சும் தட்டச்சும் வந்த பிறகு அந்தப் புள்ளிகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. அரபுத்தமிழ் பின்வாங்கியதற்கு இது ஒரே காரணமன்று, ஆனால் ஒரு காரணம்.

யுனிகோடின் அரபுப் பகுதியில் இவ்வெழுத்துகளில் பல, வேறு மொழிகளின் தேவைக்காக முன்பே சேர்ந்திருந்தன. விடுபட்டிருந்தவற்றில், கீழே மூன்று புள்ளி இட்ட ஐனும் கீழே ஒரு புள்ளி இட்ட காஃபும் 2015இல் வெளிவந்த 8ஆம் பதிப்பில் அரபுத்தமிழுக்கென்றே சேர்க்கப்பட்டன. முதலாவது ஙகரத்துக்கு, இரண்டாவது மெலிந்து ஒலிக்கும் ககரத்துக்கு. சாதாரண அரபு விசைப்பலகையில் இவை இல்லை. ரெங்கநாதனிலும் தமிழ்99இலும் அரபு எழுத்தே இல்லை. தட்ட விரும்புபவர் எழுத்துப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கலாம். அல்லது விசை ஒழுங்கு அமைக்கும் செயலியில் அரபுப் பலகையைத் திறந்து, ஃபாவின் விசையில் ஆல்டுடன் பகரத்தையும் காஃபின் விசையில் ஆல்டுடன் கீழ்ப்புள்ளிக் காஃபையும் தானே பொருத்திக்கொள்ளலாம்.